தொடை எலும்பு முறிவுக்குப் பின் வீடு தேடி வந்த பிசியோதெரபி: கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு மதிப்புரை

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து அளிக்கப்படும் பிசியோதெரபி சேவையை என் கணவருக்காக ஏழு மாதங்கள் பயன்படுத்தினோம். 2021 ஆகஸ்ட் 5 அன்று அந்தத் திட்டம் தொடங்கப்பட்டதே எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். இருந்தும், அது சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்கும் திட்டம் என்றே நான் எண்ணியிருந்தேன். எலும்பு முறிந்து படுக்கையில் கிடப்பவருக்கும் அதில் இடம் உண்டு என்பது, எங்கள் தெருவுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலர் சொல்லித்தான் தெரிந்தது.

ஓசூர் சாலையில் குருபரப்பள்ளியைத் தாண்டி லாரி மோதியதில், என் கணவருடைய வலது தொடை எலும்பு முறிந்து அதன் முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. உடம்பிலேயே மிக நீளமான அந்த எலும்பு முறிந்தால் ஒரு லிட்டருக்கு மேலும் ரத்தம் இழக்க நேரிடும். காயம் திறந்திருந்தால் கிருமித் தொற்றும் சேர்ந்துகொள்ளும். உறவினர்களில் சிலர் புத்தூருக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போடலாம் என்றார்கள். எலும்பு வெளியே தெரியும் காயத்தை மூடிக் கட்டினால் உள்ளே சீழ் பிடிக்கும் என்று 108 ஊழியர் சொன்னதைக் கேட்டு மறுத்துவிட்டேன். அந்த முடிவுதான் அவருடைய காலைக் காப்பாற்றியது என்று இன்றும் நம்புகிறேன். மருத்துவமனையில் சேர்த்தவுடன் ஆண்டிபயாடிக் ஊசியும் டெட்டனஸ் ஊசியும் போட்டார்கள். அன்றிரவே காயத்தைக் கழுவி, நைந்த சதையை அகற்றி, வெளியிலிருந்து கம்பிகளைப் பொருத்தினார்கள். காயம் சுத்தமாக இருப்பது உறுதியான பிறகு, ஒன்பதாம் நாள் அவற்றை எடுத்துவிட்டு எலும்புக்குள் ராடு செலுத்தினார்கள். முதல் இரண்டு நாள் செலவை ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் ஏற்றுக்கொண்டது.

அறுவைச் சிகிச்சையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால், வீட்டுக்கு அனுப்பியபோது தந்த சீட்டில் ‘பிசியோதெரபி தேவை’ என்ற ஒரே வரிதான் இருந்தது. எந்தப் பயிற்சி, நாளைக்கு எத்தனை முறை, எப்போது காலை ஊன்றலாம் என்று யாரும் சொல்லவில்லை. ராடு நகர்ந்துவிடுமோ என்ற பயத்தில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து, மூன்று வாரம் அசைக்காமலே வைத்திருந்தோம். கால் மடிந்த நிலையிலேயே இறுகத் தொடங்கியிருந்தது.

முதல் வருகையில் அந்த இளம் பிசியோதெரபிஸ்ட் செய்த முதல் வேலை, தலையணையை எடுத்து அப்பால் வைத்ததுதான். பிறகு ஒரு துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, “அண்ணா, இந்தத் துண்டைத் தரையில் நசுக்குவதுபோல் முட்டியைக் கீழே அழுத்துங்கள், அஞ்சு எண்ணும்வரை விடாதீர்கள்” என்றார். தொடையில் ஒரு சிறு துடிப்புகூடத் தெரியவில்லை. அவர் என் கையைப் பிடித்து முழங்கால் சில்லுக்கு மேலே வைத்துவிட்டு, மறுபடியும் அழுத்தச் சொன்னார். நாலாவது முறை என் விரல்களுக்கு அடியில் சதை மெல்ல இறுகியது. “இதுதான் அக்கா, இதை நீங்களே கையை வைத்துப் பார்க்கலாம்” என்றார். அன்று கோணமானியில் முழங்கால் 35 டிகிரிதான் மடிந்தது. அந்த எண்ணை நாள்காட்டியில் எழுதி வைத்தேன்.

இந்தச் சேவையின் மதிப்பு முழுவதும் அந்தக் கற்பித்தலில்தான் இருக்கிறது. ஓர் ஒன்றியத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் என்பதே திட்டத்தின் அமைப்பு என்பதால், தினமும் வருவார் என்று எதிர்பார்க்கக் கூடாது. அவர் காட்டிக்கொடுப்பதை நாளைக்கு மூன்று வேளையும் வீட்டார்தான் செய்விக்க வேண்டும். குதிகாலைப் படுக்கையில் இழுத்து மடக்குவது, கட்டில் விளிம்பில் அமர்ந்து காலைத் தொங்கவிடுவது, எக்ஸ்ரேயில் எலும்பு கூடுவதைப் பார்த்து மருத்துவர் அனுமதித்த பிறகே வாக்கரில் எடையைப் படிப்படியாக ஏற்றுவது என்று ஒவ்வொன்றையும் எனக்கும் சேர்த்தே சொல்லித்தந்தார். காயத்தில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று எழுதியே கொடுத்தார். புகை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும் என்று அவர் பொறுமையாக விளக்கியதால்தான் என் கணவர் பீடியை விட்டார். எங்கள் ஊர்க் களி இருக்கும்போது கால்சியத்துக்கு அலைய வேண்டாம், முட்டையும் பருப்பும் மட்டும் கூடுதலாகக் கொடுங்கள் என்றார். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது.

ஏழாம் மாத முடிவில் முழங்கால் 115 டிகிரி மடிகிறது. கைத்தடியோடு மாந்தோப்பு வரை நடந்துவிட்டு வருகிறார். சம்மணமிட இன்னும் முடியவில்லை, கழிவறைக்கு நாற்காலி வேண்டியிருக்கிறது. வெளியே இதே பயிற்சிக்கு ஒவ்வொரு முறையும் கட்டணமும் ஆட்டோவும் வைத்துப் போயிருந்தால், பணத்தைவிட, வண்டியில் ஏறி இறங்கும் வலிக்கு அஞ்சியே பாதியில் விட்டிருப்போம்.

இதே நிலையில் இருப்பவர்கள், வீடு திரும்பிய அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தன்னார்வலரிடமோ பெயரைப் பதிந்துவிடுங்கள்; எங்களைப்போல் மூன்று வாரத்தை இழக்காதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டையும் கடைசி எக்ஸ்ரேயையும் கட்டிலுக்கு அருகிலேயே வைத்திருங்கள். எவ்வளவு எடை ஊன்றலாம் என்று அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவரிடம் எழுதி வாங்கியிருந்தால், வருகிறவர் முதல் நாளே பயிற்சியைத் தொடங்க முடியும்.