மைனஸ் இருபதில் டீசல் பிக்கப்: டெல்லியிலிருந்து ஸ்பிதி

இமாச்சலின் உயரமான மலைப் பள்ளத்தாக்கான ஸ்பிதிக்குக் குளிர்காலத்தில் போவதைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் முதலில் கேட்பது, நான்கு சக்கரமும் இழுக்கும் 4x4 வேண்டுமா என்பதுதான். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகுமா என்று யாரும் கேட்பதில்லை. சில வருஷங்களாக ஒவ்வொரு குளிர்காலமும் என் இரட்டை கேபின் டீசல் பிக்கப்பை அந்தப் பக்கம் ஓட்டிப் போய் வருகிறேன். அங்கே ஓட்டுவதை விடக் கிளப்புவதுதான் பெரிய வேலை என்பது என் அனுபவம்.

முதலில் வழி. அடல் சுரங்கம் 2020இல் திறந்த பிறகு மணாலி பக்கமாகவே போய்விடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சுரங்கம் பக்கத்துப் பள்ளத்தாக்கான லாஹௌல் வரைக்கும்தான் கொண்டுபோய் விடும். அதைத் தாண்டி 4,551 மீட்டரில் இருக்கும் குன்ஸம் கணவாய் குளிர்காலம் முழுக்கப் பனிக்குள் மூடிக் கிடக்கும். அதனால் சிம்லா, நார்கண்டா, ராம்பூர், நாக்கோ, தாபோ வழியாக ஸ்பிதியின் முக்கிய ஊரான காஸா என்பதுதான் ஒரே வழி. டெல்லியிலிருந்து 750 கிலோமீட்டருக்கு மேல். நீளம்தான், ஆனால் உயரம் மெதுவாக ஏறுவதால் தலைவலி குறைவு.

இனி டீசல் விஷயம். ஜனவரியில் டெல்லி வீடுகளில் தேங்காய் எண்ணெய் பாட்டில் உறைந்து நிற்குமே, டீசலில் இருக்கும் மெழுகும் அப்படித்தான் உறைகிறது. ஃபில்டரை அடைத்துவிட்டால் என்ஜினுக்கு எண்ணெய் போகாது. இந்தியத் தர அளவுப்படி சாதாரண டீசல் குளிர்காலத்தில் 3 டிகிரி வரை ஓடும்படி இருந்தால் போதும். காஸாவில் ராத்திரி மைனஸ் இருபதைத் தொடும். லடாக்குக்கென்று மைனஸ் 33 தாங்கும் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019இல் பானிபட் ஆலையிலிருந்து கொண்டுவந்தது. நாம் டெல்லியில் நிரப்பிப் போவது அது இல்லை. உறையாமல் இருக்க ஊற்றும் சேர்மானத்தைக் குளிர் பிடிப்பதற்கு முன்பே, ராம்பூரிலேயே டேங்கில் ஊற்றிவிட வேண்டும். உறைந்த பிறகு ஊற்றிப் பிரயோஜனம் இல்லை. ரெக்காங் பியோவுக்குக் கீழே பவாரியில் டேங்கை முழுக்க நிரப்பிவிடுவேன். அதற்கு மேல் காஸா ஏறக்குறைய 200 கிலோமீட்டர்.

உள்ளூர்க்காரர்கள் காலையில் தகரத் தட்டில் கரி நெருப்பு போட்டு என்ஜின் அடியில் தள்ளுவார்கள். பழைய இரும்பு லாரிக்கு அது சரி. புதிய புகை விதிப்படி வந்த பிஎஸ்-6 வண்டியின் வயரும் பிளாஸ்டிக் குழாயும் உருகிப் போகும். ஒருமுறை தாபோவில் தங்கிய வீட்டுக்காரர் பாசத்தோடு தட்டை எடுத்து வந்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் தேநீர் ஆறிவிட்டது. நான் செய்வது இவ்வளவுதான்: காலை வெயில் முதலில் விழும் சுவரைப் பார்த்து வண்டியின் முகத்தைத் திருப்பி நிறுத்துவேன். பேட்டரியைக் கழற்றி அறைக்குள் கொண்டுபோய் வைப்பேன். அந்தக் குளிரில் பேட்டரியின் பலம் பாதியாகிவிடும், கெட்டியான என்ஜின் ஆயிலைச் சுழற்றவோ இரு மடங்கு பலம் வேண்டும். கழற்றி மாட்டும்போது விரல் மரத்துப்போகும், அதனால் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எப்போதும் கோட் பாக்கெட்டில் வைத்திருப்பேன். ஹேண்ட் பிரேக் போடுவதே இல்லை. ஈரத்தோடு உறைந்தால் பிடித்துக்கொண்டு விடாது. பார்க்கிங் கியர், சக்கரத்துக்கு இரண்டு கல், அவ்வளவு போதும்.

புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் ஆட்-ப்ளூ திரவம் கேட்கும் வண்டி என்றால் இன்னொரு கவனம். அது மைனஸ் 11இலேயே உறையும், உறையும்போது விரியவும் செய்யும். அதனால் விளிம்பு வரை நிரப்பக் கூடாது. கூலன்ட்டையும் கவனிக்க வேண்டும். தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தது மைனஸ் 35 வரை தாங்கும். எனக்கு சர்வீஸ் செய்த ஒரு புண்ணியவான் டாப்-அப் என்று வெறும் தண்ணீரை ஊற்றி அனுப்பியிருந்தார். கஷ்மீரி கேட் கடையில் வாங்கிய, கூலன்ட் எந்தக் குளிர் வரை தாங்கும் என்று காட்டும் சின்ன மானியில் ஒரு துளி விட்டுப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. அன்றிலிருந்து கிளம்பும் முன் அந்தச் சோதனை இல்லாமல் வண்டி நகராது.

சரி, ஓட்டுவதற்கு வருவோம். ஸ்பிதியை விட நார்கண்டாதான் மோசம். ஸ்பிதி காய்ந்த குளிர்ப் பாலைவனம், அங்கே பனி மாவுபோல உதிரும், டயர் பிடிக்கும். நார்கண்டாவில் பகலில் உருகிய பனி, தேவதாரு நிழலில் ராத்திரி கண்ணாடியாக உறைந்து, தார் ரோடு போலவே கறுப்பாகத் தெரியும். 4x4 உங்களை மேலே ஏற்றிவிடும், ஆனால் இறக்கத்தில் நிறுத்தாது. பிக்கப்பின் பின்பெட்டி காலியாக இருந்தால் பின்பக்கம் லேசாகிக் குதிரையாட்டம் ஆடும். அதனால் பின் அச்சுக்கு மேலே மணல் மூட்டைகளைக் கட்டிவைப்பேன். வழுக்கும் இடத்தில் அதே மணலைத் தூவிக்கொள்ளலாம். டயரில் சுற்றும் பனிச் செயினைப் பின்சக்கரங்களுக்கு மட்டும் போட்டால் இறக்கத்தில் ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது, நான்குக்கும் போடுவதே நிம்மதி. நாக்கோ அருகே மலிங் நாலா என்ற ஓடையில் ரோட்டுக்கு மேல் ஓடும் தண்ணீர் ராத்திரியில் தகடாக உறைந்திருக்கும். மதியம் வெயில் ஏறினால் மேலிருந்து கல் உருளும். இரண்டுக்கும் நடுவில், காலை பத்து மணிக்கு மேல் கடப்பது என் வழக்கம்.

டயர் காற்று பற்றி ஒரு வேடிக்கை. குளிர் காற்றழுத்தத்தைக் குறைக்கும், ஆனால் உயரம் ஏறினால் வெளிக்காற்று லேசாகி மானியில் அளவு கூடும். டெல்லியில் 35 வைத்துப் போனால் காஸாவிலும் கிட்டத்தட்ட அதையேதான் காட்டுகிறது. கம்ப்ரசரைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

சாப்பாடு: காஸாவில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் சோறு வேகாது. முகாம் அடுப்புக்கு விற்கும் வெறும் ப்யூட்டேன் டப்பா பூஜ்ஜியத்துக்குக் கீழே எரியாது, புரோபேன் கலந்ததாகப் பார்த்து வாங்கவும். என் மனைவி கட்டிக்கொடுக்கும் புளிக்காய்ச்சலுக்குத்தான் எந்தக் குளிரும் ஒன்றும் செய்வதில்லை.

காஸாவுக்கு மேலே லாங்ஸா, ஹிக்கிம், கோமிக் கிராமங்கள் பக்கம் 4,400 மீட்டருக்கு மேல் ஏறும்போது மட்டும் என் வண்டியைக் காஸாவிலேயே விட்டுவிட்டு உள்ளூர் டிரைவரோடு போகிறேன். எந்த வளைவில் எத்தனை மணிக்கு நிழல் விழும் என்று அவருக்குத் தெரியும்.

இப்படி ஒரு டீசல் பிக்கப் வாங்க நினைக்கும் டெல்லிக்காரர்களுக்கு: இங்கே டீசலுக்கு 10 வருஷ வரம்பு, காற்று கெட்ட நாட்களில் பழைய டீசலுக்குத் தடை என்று விதிகள் இருக்கின்றன, நீதிமன்ற உத்தரவுகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. வருஷத்தில் பாதி நாள் சொசைட்டி வாட்ச்மேன் 'லோடு வண்டி உள்ளே வராது' என்பார், அதையும் கணக்கில் வையுங்கள். இன்று நான் புதிதாக வாங்குவதென்றால் மெழுகுத் தொல்லையே இல்லாத பெட்ரோல் 4x4தான் எடுப்பேன். ஆனால் கேபினுக்குள் எண்ணெய் வாடை வராமல் கேனும் செயினும் மணலும் வெளியே கிடக்கிற அந்தப் பின்பெட்டியை விடத்தான் மனசு வரமாட்டேன் என்கிறது.