கடன் இருக்கு, கடன்காரரைக் காணல்ல: 3 இலட்சத்து 75 ஆயிரம் ரூபா போச்சு

கை நடுங்க நடுங்கத்தான் எழுதுறன். களுவாஞ்சிகுடியில பசளை, கிருமிநாசினிக் கடை வச்சிருக்கிறன். வாவிக்கு அங்கால இருக்கிற படுவான்கரை வெள்ளாமைக்காரர் பெரும்போகம் தொடங்கக்குள்ள கடனுக்கு எடுப்பாங்க, வெட்டு முடியத் தருவாங்க. இருபது வருசமாக் கொப்பிக் கணக்கு. போன வருசம்தான் ஒரு மென்பொருள் நிறுவனத்தை நம்பிக் கணினிக்கு மாறினன்.

வந்த தம்பி லெப்டொப்பை மேசையில வச்சு, கடன் உள்ள ஒரு பெரிய வயல்காரப் போடியாரிட பேரை என்னையே அழிக்கச் சொன்னான். அமத்தினன். "இவருக்குக் கடன் நிலுவை உண்டு, அழிக்க ஏலாது" எண்டு சிவப்பில வந்துது. "டேட்டாபேசுக்குள்ளயே ட்ரிகர் போட்டிருக்கு அண்ணன், தானா ஓடுற ஒரு கட்டளை. ஆர் அழிக்கப் போனாலும் அது மறிக்கும்" எண்டான். அந்தச் சிவப்பு எழுத்தைத்தான் நம்பினன். அண்டைக்கே கொப்பியளைக் கட்டி மூலையில போட்டன்.

தை மாசம் சேர்வர் மாத்தினாங்க. ஒண்டும் மாறாது எண்டாங்க. மறுகா கடைப் பிள்ளை, 30 நாளாச் சாமான் எடுக்காதவங்களை நீக்குற பட்டனை அமத்தியிருக்கு. கடன் உள்ளவங்களை ட்ரிகர் மறிக்கும் எண்டுதானே சொன்னாங்க? மறிக்கல்ல. 58 பேர் போயிட்டாங்க, அதில 23 பேர் கடன்காரர். இலக்கம் 117, யூரியா 4 மூடை எண்டு கடன் கிடக்கு. 117 ஆர்? ஆக்களிட பேர் ஒரு அட்டவணையில, கடன் இன்னொண்டில; அறிக்கை ரெண்டையும் சேர்த்துத்தான் எடுக்கும், ஆள் இல்லாத கடன் அதில வராது. அதால மூண்டு கிழமை எனக்கே விளங்கல்ல. கூட்டிப் பார்த்தா 3 இலட்சத்து 75 ஆயிரம் ரூபா.

போன் எடுத்தன். "உங்கட ஆள்தானே அழிச்சது" எண்டாங்க. அடுத்த நாள் "சேர் கொழும்புல". அதுக்கடுத்த நாள் பராமரிப்புக் காலம் முடிஞ்சுதாம், பார்க்க 40,000 கட்டட்டாம். பேக்கப் 7 நாளைக்கு மேல வைக்கிறேல்லையாம். கடைசியில ஒரு பொடியன் வாய் தவறிச் சொன்னான்: "ட்ரிகரை ஏத்தக்குள்ள எரர் வந்துது, அந்த வரியளை எடுத்துட்டம்."

கணினி படிக்கிற மருமகன் இருந்து பார்த்தான். ட்ரிகரை உண்டாக்கின பழைய பயனர் கணக்கிட பேர் அதோடயே ஒட்டியிருக்குமாம். புதுச் சேர்வர்ல நம்மட கணக்குக்கு அந்தப் பேரில உண்டாக்க அதிகாரம் இல்லாட்டி எரர் அடிக்குமாம். பேரை மாத்தி ஏத்தியிருக்கலாம். இவங்க ட்ரிகரையே வெட்டி எறிஞ்சிட்டாங்க. அதை விடக் கொடுமை, அட்டவணைகள் மைஐசாம் எண்ட பழைய சேமிப்பு வகை. கடனை ஆளோட கட்டி வைக்கிற ஃபொரின் கீ எண்ட விதி எழுதித்தான் இருக்கு, ஆனா மைஎஸ்கியூஎல் எண்ட எங்கட டேட்டாபேஸ் மென்பொருள் அந்த வகையில அதை வாசிச்சிட்டுச் சத்தமில்லாம விட்டிடும். 2010ல வந்த 5.5 பதிப்பில இருந்தே இன்னோடிபி எண்டதுதான் தானா வாற இயல்பான வகை. அதில ஃபொரின் கீயே மறிச்சிருக்கும், ட்ரிகர் தேவையே இல்ல. எல்லாருக்கும் தெரிஞ்ச இதைச் செய்யாம என்ட 3 இலட்சத்து 75 ஆயிரத்தை ஒரு ட்ரிகரில தொங்க விட்டிருக்கிறாங்க.

கடை வச்சிருக்கிறவங்களுக்குச் சொல்லுறன்: அட்டவணை இன்னோடிபியா, ஃபொரின் கீ வேலை செய்யுதா எண்டு தெரிஞ்ச ஒராளை வச்சுப் பாருங்க. சேர்வர் மாத்தின அண்டைக்கே கடன்காரர் ஒராளை அழிச்சுப் பாருங்க, முதல்ல பேக்கப் எடுத்திட்டு. பேக்கப் உங்கட கையிலயும் இருக்கோணும். கொப்பியை விடாதீங்க. இதுக்கு மேல எழுத ஏலாது. விடிய முதல் பாதைப் படகில வாவியைக் கடந்து மண்டூர் போகோணும், 117 ஆரெண்டு வீடு வீடாக் கேக்க.