மலையே இல்லாத ஊரில் மலைச் சைக்கிள்: மூணு வருஷ அனுபவம்

வடசென்னையில் உயரமான இடம் எது என்று கேட்டால் எங்கள் ஏரியா பசங்க கூசாமல் கொடுங்கையூர் குப்பைமேட்டைக் கை காட்டுவார்கள். அதை விட்டால் மேம்பாலங்கள். மற்றபடி வியாசர்பாடியில் ஆரம்பித்து எண்ணூர் வரைக்கும் தோசைக்கல் மாதிரி தரை. இந்த ஊரில் இருந்துகொண்டு மலைச் சரிவில் சைக்கிளில் வேகமாக இறங்குகிற டவுன்ஹில் ஓட்டப் போகிறேன் என்றதும் எங்கள் தெரு சைக்கிள் கடை அண்ணன் கையிலிருந்த ஸ்பேனரைக் கூடக் கீழே வைக்காமல் கேட்டார்: "இன்னாபா, தண்ணியே இல்லாத எடத்துல நீச்சல் கத்துக்கப் போறியா?"

நியாயமான கேள்விதான். மூன்று வருடம் ஓட்டிய பிறகு கணக்கு இப்படி இருக்கிறது: ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து, மதியம் இரண்டுக்கு வீடு திரும்பினால், அதில் உண்மையாகவே சரிவில் இறங்குகிற நேரம் பத்து நிமிஷத்தைத் தாண்டாது. மீதியெல்லாம் வண்டியில் போவது, தள்ளிக்கொண்டு ஏறுவது, பஞ்சர் ஒட்டுவது, டீ. இந்தக் கணக்கு ஒத்துவரும் என்றால் மேலே படியுங்கள்.

முதலில் சைக்கிள். ஓஎம்ஆர் பக்கம் ஒருவர் ஆசைப்பட்டு வாங்கி இரண்டு மாதம் ஓட்டிவிட்டு பால்கனியில் துணி காயப்போட்டு வைத்திருந்ததை 38,000 ரூபாய்க்கு எடுத்தேன். முன்னால் மட்டும் சஸ்பென்ஷன், 120 மில்லிமீட்டர் அமுங்கும். பின்னால் வெறும் கம்பி. 27.5 இன்ச் சக்கரம், இரண்டு பக்கமும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். வீடியோவில் பார்க்கிற அசல் டவுன்ஹில் வண்டிகளுக்கு முன்னால் 200 மில்லிமீட்டர் அமுங்கும், பின்னாலும் சஸ்பென்ஷன் இருக்கும், லட்சங்களில் விலை. அவர்களுக்கு கனடா விஸ்லர் மாதிரி இடங்களில் சைக்கிளை மாட்டி மேலே கொண்டுபோக சேர்லிஃப்ட்டும் இருக்கிறது. எனக்கு லிஃப்ட், காசிமேட்டில் மீன் லோடு அடிக்கிற மச்சானின் குட்டி யானை. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

பின்பக்க சஸ்பென்ஷன் இல்லாதது குறையா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். முதல் வருஷம் வரம் என்றுதான் சொல்வேன். தப்பாக இறங்கினால் முழங்காலும் இடுப்பும் உடனே சொல்லிவிடும். இரண்டு பக்கமும் மெத்தை இருந்தால் தப்பு தெரியாது. வேகம் கூடிய பிறகு மொத்தமாகத் தெரியும், அப்போது மாவுக்கட்டு போட வேண்டியிருக்கும்.

பயிற்சி எல்லாம் ஊரிலேயேதான். எங்கள் பக்கத்து மைதானத்தில் ஃபுட்பால் பசங்க வருவதற்கு முன்னால், ஐந்து மணிக்கு, கேலரிப் படிக்கட்டில் இறங்கிப் பழகினேன். மொத்தம் ஒன்பது படி. சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, பெடல் இரண்டையும் தரைக்கு இணையாக வைத்து எழுந்து நின்று, முழங்கை முழங்கால் மடித்து, உடம்பின் கனத்தைக் காலில் போட்டு, கையை லேசாக வைத்து இறங்க வேண்டும். ஒற்றை விரல்தான் பிரேக்கில். முதல் நாள் நான்கு விரலாலும் அழுத்திப் பிடித்தேன். சைக்கிள் நின்றது, நான் நிற்கவில்லை. சின்ன வயதில் குரங்கு பெடல் போட்டு விழுந்ததற்குப் பிறகு அப்படி விழுந்ததில்லை. கோல் போஸ்ட்டுக்கு வலை கட்டிக்கொண்டிருந்த பையன் ஓடி வந்து தூக்கிவிட்டு, "அண்ணா, ஸ்டெப்பு பக்கத்துலயே சறுக்குப் பாதை கீதுண்ணா" என்றான், ரொம்ப அக்கறையாக.

அந்த ஒன்பது படியில் கற்றதில் பாதிக்கு மேல் பிரேக் பற்றியது. நிறுத்தும் பலம் பெரும்பாலும் முன் பிரேக்கில்தான் இருக்கிறது. ஆனால் முன் சக்கரம் திரும்பியிருக்கும்போது அதைக் கவ்வவிட்டால் போச்சு. நேராக இருக்கும்போதே, வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் விரலை விட்டுவிட வேண்டும். கண் முன் டயரைப் பார்க்கக்கூடாது. போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்குத்தான் போவோம். ஸ்கூட்டியில் மாடு குறுக்கே வரும்போது மாட்டையே பார்த்துக்கொண்டு போய் மாட்டின்மேல் மோதுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், அதேதான்.

காற்று விஷயத்தில் கடை அண்ணனோடு இன்னும் சண்டை தீரவில்லை. அவர் கல்லு மாதிரி 50 பிஎஸ்ஐ அடித்துக் கொடுப்பார். நான் வீட்டுக்கு வந்து 27-க்கு இறக்குவேன். 2.35 இன்ச் அகல டயரில் அந்த அளவு காற்று இருந்தால்தான் டயர் கல்லின் மேல் பிதுங்கிப் பிடிக்கும். டியூபை எடுத்துவிட்டு ஓட்டையைத் தானே அடைக்கிற சீலண்ட் திரவம் ஊற்றி டியூப்லெஸ் ஆக்கிய பிறகு கருவேல முள் பஞ்சர் பத்தில் ஒன்றாகக் குறைந்தது. வாங்கிய பொருள்களில் கொடுத்த காசுக்கு அதிகம் உழைத்தது இந்த டயர்கள்தான்.

அடுத்தது, எங்கே ஓட்டுவது? இதற்குத்தான் ஒரு வருஷம் வீணாய்ப் போனது.

மலைச் சைக்கிள் தடங்களைக் காட்டுகிற டிரெயில்ஃபோர்க்ஸ் ஆப்பில் தேடினேன், நம் பக்கம் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. கூகுள் மேப்பில் சேட்டலைட் படத்தைப் பெரிதாக்கி, மேடு மாதிரி தெரிகிற இடத்தில் வெள்ளைக் கோடு இருந்தால் குறித்து வைத்துக்கொண்டேன். அப்படிக் குறித்ததில் பாதி கல்குவாரி, மீதி காப்புக்காடு. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கால் வைப்பதே குற்றம், சைக்கிளைப் பற்றிப் பேசவே வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்ததற்குப் பிறகு இதில் விளையாட்டே கிடையாது. நாகலாபுரம் மலை பக்கத்தில்தானே இருக்கிறது என்று கூப்பிடுகிற நண்பர் ஒருவர் எல்லோருக்கும் இருப்பார், எனக்கும் இருக்கிறார். நான் போகவில்லை.

கடைசியில் வழி காட்டியது ஆடுகள். பூண்டி ஏரிக்குப் போயிருந்தோம். எண்ணூரில் கடலில் கலக்கிறதே கொசஸ்தலை ஆறு, அதை மறித்து 1944-ல் கட்டிய நீர்த்தேக்கம் அது. எங்கள் ஊர் முகத்துவாரத்தில் கறுப்பாக ஓடுகிற அதே ஆறு அங்கே நீலமாக நிற்பதைப் பார்த்தால் கொஞ்சம் வயிறு எரியும். ஏரிக்கு அந்தப் பக்கம் அல்லிக்குழி மலை. மலை என்பது மரியாதைக்கு, நீலகிரிக்காரர்கள் சிரிப்பார்கள். காட்டு எல்லைக்கு வெளியே, ஊரை ஒட்டின மேட்டில் ஆடு ஏறி இறங்கி உண்டான ஒற்றையடித் தடம் ஒன்று தெரிந்தது. ஆடு செங்குத்தாக இறங்காது, மேட்டை வளைத்து வளைத்து இறங்கும். மழைத் தண்ணீர் அரிக்காத தடம் வேண்டுமென்றால் அப்படித்தான் வெட்டவேண்டும் என்று பிற்பாடு படித்தேன். ஆட்டுக்கு அது முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

ஆடு மேய்த்த பெரியவரிடம் இது யார் இடம் என்று கேட்டோம். ஊர் மேய்ச்சல் மேடு, அந்தப் பக்கம் வேலிக்கு மேல் ஃபாரஸ்ட்டு, அங்கே போகாதே என்றார். ஊரிலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டோம். ஆடு மேலே இருந்தால் நாங்கள் கீழே காத்திருப்பது, ஈரத்தில் ஓட்டித் தடத்தைக் கிழிப்பதில்லை, இரண்டும் பேச்சு. இன்றுவரை அதுதான் எங்கள் டிரெயில். நானூறு மீட்டர் இருக்கும்.

தரையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். செம்மண்ணில் பதிந்த உருண்டை உருண்டையான கூழாங்கற்கள், சில கோலி அளவு, சில தேங்காய் அளவு. குவார்ட்சைட் கல். பக்கத்தில்தான் அதிரம்பாக்கம், 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்த இடம். அங்கே கிடைத்த கைக்கோடரிகளில் பழையவை சுமார் 15 லட்சம் வருடத்துக்கு முந்தியவை என்று 2011-ல் ஆய்வாளர்கள் சொன்னார்கள். அந்தக் கருவிகளைச் செய்ததும் இந்த வகைக் கல்லில்தான். ஆதி மனிதன் பிளந்து கோடரி செய்த கல், என் முன் டயருக்கு அடியில் பால்ரஸ் கொட்டின தரை மாதிரி உருண்டது. முதல் முறை இறங்கும்போது பாதியிலேயே பயந்து முன் பிரேக்கைப் பிடித்தேன். சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முழங்கால் கார்டு இல்லையென்றால் அன்றைக்குக் கதை வேறு. பெரியவர் மெதுவாக வந்து பார்த்தார். "ஆடு உழுவாது தம்பி. ஏன் சொல்லு? அது நடுவுல நிக்கணும்னு நெனைக்காது."

யூடியூபில் இங்கிலீஷ்காரர் பத்து வீடியோவில் சொன்னதும் இதுதான்.

சரி, குட்டி யானை. மச்சான் சனிக்கிழமை ராத்திரி லோடு இறக்கிவிட்டு, ஞாயிறு காலை டீசல் காசுக்கு வண்டி எடுத்து வருவான். தார்ப்பாயை விரித்து சைக்கிளைப் படுக்க வைத்துக் கயிறு கட்டுவோம். இரண்டாவது வருஷம் திடீரென்று பிரேக் பிடிக்கவில்லை. பிடித்தால் பன்றி மாதிரி கத்தியது. அண்ணன் கடையில் கழற்றி முகர்ந்து பார்த்தார். டிஸ்க் பேடில் மீன் எண்ணெய். கவலை மீன் லோடு ஏற்றின வண்டியில் தார்ப்பாய்க்கு மேல் வழிந்த தண்ணீர் டிஸ்க்கில் பட்டிருக்கிறது. கவலை மீனில் எண்ணெய் அதிகம். "மாமா, மீனு பேரே அதானே, உனுக்கு இன்னா புதுசா கவலை?" என்று மச்சான் சிரித்தான். டிஸ்க்கை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்தேன், பேடை உப்புத்தாளில் தேய்த்தேன், அடுப்பில் காட்டினேன். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. எண்ணெய் குடித்த பேடைத் தூக்கிப் போடுவதுதான் மருந்து. இப்போது ஏற்றுவதற்கு முன் இரண்டு டிஸ்க்குக்கும் பழைய தலையணை உறை போட்டுக் கட்டிவிடுகிறேன். அம்மா இன்னும் ஒரு ஜோடி உறையைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

பிரேக்கின் அசல் சோதனை ஏலகிரியில். அங்கே போனது தார் ரோட்டுக்குத்தான், தடத்துக்கு இல்லை. 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் புலவர் அல்லது வள்ளல் பெயர். பஸ்ஸுக்குப் பயந்து மேலேயிருந்து பிரேக்கை விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். அதுதான் தப்பு. நானும் சைக்கிளும் சேர்த்து 90 கிலோ. 600 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 530 கிலோஜூல் சக்தி எங்கேயாவது போக வேண்டும். காற்றுத் தடையை விட்டுவிட்டுப் பார்த்தால், ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு அந்த இரண்டு டிஸ்க் தகட்டில். பாதி வழியில் லீவர் ஹேண்டில் பார் வரைக்கும் வந்துவிட்டது, தகடு ஊதா நிறத்துக்கு மாறியிருந்தது. பாரி வளைவில் ஒருவழியாக நின்றேன். முல்லைக்குத் தேர் கொடுத்தவர், எனக்கு ஒரு ஜோடி பிரேக் கொடுத்திருக்கலாம். விட்டு விட்டு, அழுத்தமாகப் பிடித்து, நடுவே ஆற விட வேண்டும் என்பதை அங்கே இருபது நிமிஷம் உட்கார்ந்து படித்தேன்.

இந்த விளையாட்டு ஆரம்பித்ததே பிரேக் எரிந்த கதையில்தான். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் பக்கம், 1976 அக்டோபரில், பழைய தடிச் சைக்கிள்களில் மலையிறங்கும் பந்தயம் வைத்தார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக். ஒரு இறக்கம் முடிவதற்குள் சக்கரத்தின் நடுவே ஹப்புக்குள் இருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடுமாம். மறுபடி கிரீஸ் வைத்தால்தான் அடுத்த இறக்கம். அதனாலேயே அந்த இடத்துக்கு ரீபேக் என்று பெயர். கடை அண்ணனிடம் சொன்னேன். "இங்க நா நாப்பது வருசமா ரீபேக் பண்ணினுகீறேன், எனுக்கு ஒருத்தனும் பந்தயம் வெக்கல" என்றார்.

பராமரிப்பில் பெரிய எதிரி உப்புக்காற்று. மலையில் வந்த சேதத்தை விட மூன்றாவது மாடிப் படிக்கட்டில் சும்மா நின்று வந்த சேதம் அதிகம். போல்ட்டுகள், செயின், போக்ஸ் கம்பியின் நிப்பிள், எல்லாம் துரு. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர் நனைத்த துணியில் துடைத்து, உடனே காயவைத்து, செயினுக்கு எண்ணெய் விடுகிறேன். வாட்டர் சர்வீஸ் கடையில் பிரஷர் பைப் அடிக்கவே கூடாது, பேரிங்குக்குள் தண்ணீர் போய்விடும். சஸ்பென்ஷன் இருக்கிற முன் ஃபோர்க்கை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றி எண்ணெய் மாற்றச் சொல்வார்கள். நான் முதல் முறை இரண்டு வருஷம் கழித்துத்தான் செய்தேன். உள்ளேயிருந்து வந்தது எண்ணெய் இல்லை, மீன்குழம்பு. ஒரு பெரிய சர்வீஸ் கடையில் விட்டு 4,000 ரூபாய் கொடுத்து, வந்த வாரமே சீல் கசிந்தது. மறுபடி நானே பிரித்துப் போட்டேன். கியரைத் தாங்குகிற ஹேங்கர் என்று ஒரு சின்ன அலுமினியத் துண்டு இருக்கிறது, விழுந்தால் அதுதான் வளையும். உங்கள் மாடலுக்கு உண்டானதை இரண்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பூண்டியில் அது உடைந்தால் திருவள்ளூரில் கூடக் கிடைக்காது, நான் தேடியிருக்கிறேன்.

புதிதாக ஆரம்பிக்கிறவர் கையில் 50,000 இருந்தால், 35,000-க்கு மேல் சைக்கிளில் போடாதீர்கள். முகம் மூடுகிற ஹெல்மெட் 6,500, முழங்கால் கார்டு 2,800, நல்ல டயர் ஒரு ஜோடி 5,200. இது நான் கொடுத்த விலை. மறுபடி வாங்கினாலும் இதே மாதிரி முன் சஸ்பென்ஷன் வண்டிதான் எடுப்பேன். ஓட்டிக்கொண்டே சீட்டை இறக்குகிற டிராப்பர் போஸ்ட் மட்டும் முதல் நாளே போட்டுவிடுவேன்.

ஐப்பசி பிறந்துவிட்டது. மழை நின்று அந்த மேடு காய தை ஆகிவிடும். பெரியவருக்குப் போன் போட்டால் "தடத்துல புல்லு மொளைச்சிருக்குது, ஆடு தின்னு முடிக்கட்டும், அப்பறமா வா" என்கிறார். அதுவரைக்கும் ஒன்பது படி.