விளக்கு மேலே அடித்தால் பின்சக்கர ஷாக் அப்சார்பரைப் பாருங்கள்

விடியற்காலையில் இலவம்பாடியிலிருந்து முள்ளுக் கத்திரிக்காய் மூட்டைகளை இருசக்கர வண்டியில் கட்டிக்கொண்டு வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்கு வருகிறவன் நான். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே கத்திரிக்காய்தான். அது வருகிற சாலைக்குத்தான் எந்தக் குறியீடும் இல்லை. இரண்டு மாதமாக எதிரே வருகிறவர்கள் எல்லாம் கண் கூசித் திட்டிக்கொண்டே போனார்கள். பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் காட்டினேன். முகப்பு விளக்கையே மாற்றினார்கள். 900 ரூபாய் போனது, திட்டு நிற்கவில்லை.

தொட்டப்பாளையத்தில் பெயர்ப்பலகைகூட இல்லாத சின்ன மெக்கானிக் கடை. அவர் விளக்கைத் தொடவே இல்லை. "மூட்டையை இறக்காதீர்கள் அண்ணே, அப்படியே ஏறி உட்காருங்கள்" என்றார். பின்சக்கர அச்சிலிருந்து சீட்டுக் கம்பி வரை டேப் பிடித்தார்: 44 சென்டிமீட்டர். பிறகு சுமையை இறக்கி, நடு ஸ்டாண்டில் சக்கரம் தொங்க அளந்தார்: 52. பின்சக்கரத்தின் குலுக்கலைத் தாங்கும் ஷாக் அமுங்குவதே ஏறக்குறைய 10 சென்டிமீட்டர்தான். அதில் எட்டு, வண்டி நிற்கும்போதே தீர்ந்துவிட்டது. மூன்றில் ஒரு பங்கு, சுமை வண்டிக்கு இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான் அமுங்க வேண்டுமாம். வால் தாழ்ந்து மூக்கு தூக்கியதில் வெளிச்சம் நேராக எதிராளியின் கண்ணுக்குப் போயிருக்கிறது.

சீட்டை ஒரு முறை அழுத்தி விட்டார். எழுந்து அடங்க வேண்டிய வண்டி மூன்று முறை துள்ளியது. இடது ஷாக்கின் தண்டில் எண்ணெய் கசிந்து, அதன்மேல் புழுதி கரிய பசையாக அப்பியிருந்தது. ஜோடியாக மாற்றினோம், 1,900 ரூபாய். பிறகு கொக்கி ஸ்பேனரை ஷாக்கின் ஸ்பிரிங்கை இறுக்கும் வளையத்தில் மாட்டி, டக், டக், டக் என்று இரண்டு பக்கமும் நான்காவது படிக்குத் திருப்பினார். ஸ்பிரிங் இதனால் கடினமாவதில்லை, நிற்கும் உயரம்தான் கூடுகிறது என்று அரை மணி நேரம் பாடம் வேறு. சுமையோடு மறுபடி அளந்தபோது 48.

இப்போது பள்ளத்தில் இறங்கினால் முதுகெலும்பு அதிர்வதில்லை. மூட்டையில்லாமல் திரும்பும்போது வண்டி கொஞ்சம் விறைக்கிறது. இரண்டாம் படிக்கு இறக்கச் சொல்லியிருக்கிறார், தினமும் யார் இறக்குவது? ஞாயிற்றுக்கிழமை வீட்டாரோடு இரத்தினகிரிக்குப் போனால் மட்டும் திருப்புகிறேன்.

குறை என்றால், உட்கார இடமில்லை, ஒன்பதரைக்கு முன் திறப்பதில்லை. கூலி 200. வழக்கமாக ஏற்றும் சுமையோடு போங்கள், அப்போதுதான் சரியாக அளப்பார். என் மூட்டையிலிருந்து இரண்டு கிலோ எடுத்துக்கொண்டார், கூலியில் கழிக்கவில்லை.