அகர வரிசையா, குழு வரிசையா? சிஎஸ்எஸ் பண்புகளை அடுக்கும் இரண்டு வழிகள்

வலைப்பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் மொழியில் பண்புகளை (நிறம், அகலம் போன்றவற்றை) எந்த வரிசையில் எழுதினாலும் பெரும்பாலும் உலாவிக்குக் கவலையில்லை; படிப்பவருக்குத்தான் கவலை. சிஎஸ்எஸ்ஸைச் சரிபார்க்கும் கருவியான ஸ்டைல்லின்ட்டுடன் ஆர்டர் என்ற பிளகினை (துணை நிரலை) சேர்த்தால் இரண்டு வழிகள் கிடைக்கின்றன: ஆங்கில அகர வரிசை, அல்லது தொடர்புடையவற்றை ஒன்றுசேர்க்கும் பட்டியல்.

அகர வரிசையில் வாதாட ஒன்றுமில்லை; அதுவே அதன் பலம். புதிய பண்பு வந்தாலும் அதற்கான இடம் ஏற்கெனவே தயார். ஆனால் திரையில் மிதக்கும் பெட்டி ஒன்றின் ஸ்டைலைத் திறந்து பாருங்கள். இடத்தைக் குறிக்கும் பண்புகளில் பாட்டம் மேலே, லெஃப்ட்டும் பொசிஷனும் நடுவில், இஸட்-இண்டெக்ஸ் கடைசியில். உயரம் ஓரிடம், அகலம் வேறிடம். பெட்டி எங்கே நிற்கிறது என்று அறியக் கண் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. கூகுளின் சிஎஸ்எஸ் எழுத்துநடை வழிகாட்டியே, வரிசைப்படுத்தும் கருவி இல்லாதபோதுதான் அகர வரிசையைப் பரிசீலிக்கச் சொல்கிறது. நினைவில் வைக்கவும் கையால் பராமரிக்கவும் எளிது என்பது காரணம். அடுக்குவது கருவி என்றால் அந்த எளிமை யாருக்கு?

ஆகவே என் ஓட்டு குழு வரிசைக்கு. ரீசெஸ் ஆர்டர் என்ற ஆயத்த அமைப்பு இருக்கிறது. பூட்ஸ்டிராப் என்ற ஆயத்த சிஎஸ்எஸ் தொகுப்பின் லின்ட் (சரிபார்ப்பு) அமைப்பும் அதன் மேல்தான் நிற்கிறது. பொசிஷன் முதலில், பிறகு பெட்டியின் அளவு, அதன்பின் எழுத்து, நிறம். ஸ்மாக்ஸ் என்ற சிஎஸ்எஸ் எழுதும் முறையை ஒட்டிய வரிசையும் உண்டு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ரசனை சார்ந்தது. சொந்தப் பட்டியல் எழுதுவதுதான் வம்பு. பட்டியலில் இல்லாத பண்புகளை பிளகின் கண்டுகொள்ளாது. 'அன்ஸ்பெசிஃபைட்' விருப்பத்துக்கு 'பாட்டம்ஆல்ஃபபெட்டிகல்' என்று கொடுத்தால் அவை அடியில் அகர வரிசையில் அடங்கும். குறிமுறையின் வடிவத்தைச் சீராக்கும் கருவியான ப்ரெட்டியரை நம்பியிருப்பவர்கள் கவனிக்க: அது தானாகப் பண்புகளை இடம் மாற்றாது, தனி பிளகின் வேண்டும்.

எந்த வரிசையானாலும் முதல்முறை 'ஃபிக்ஸ்' (கருவியே திருத்தும் வசதி) ஓட்டும்போது ஒரு பொறி காத்திருக்கிறது. யாரோ மார்ஜின்-டாப்பை (மேல் இடைவெளி) எழுதிவிட்டு அடுத்த வரியில் மார்ஜினை (நான்கு பக்க இடைவெளி) எழுதியிருப்பார். இதுவரை பின்னது முன்னதை விழுங்கிக்கொண்டிருந்தது. கருவி மார்ஜினை மேலே தூக்கியதும் செத்துக்கிடந்த மேல் இடைவெளி உயிர்பெறும். எனக்கு இப்படித்தான் ஒரு தலைப்புப் பட்டை 40 பிக்சல் கீழே இறங்கியது. லின்ட் அறிக்கையில் ஒரு பிழையும் இல்லை. இப்போதெல்லாம் அந்த முதல் மாற்றத்தைத் தனி கமிட்டாக (மாற்றப் பதிவாக) வைத்து, பக்கங்களின் முன்பின் படங்களை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். அந்தக் கமிட்டின் எண்ணை மாற்றங்களைப் பதியும் கிட் கருவியில், ஒரு வரியைக் கடைசியாக மாற்றியவரைக் காட்டும் பிளேம் கட்டளையின் புறக்கணிப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டால், 'இந்த வரியை எழுதியது யார்' என்று தேடும்போதெல்லாம் கருவியை ஓட்டியவர் பெயர் வந்து நிற்காது.