பிஎம்டபிள்யூ இசட்3, இ30 (பழைய 3 சீரிஸ்) வைத்திருப்போர் கவனத்துக்கு: பின்சக்கர அலைன்மென்ட் பில்லை நம்பாதீர்கள்

பிஎம்டபிள்யூ இசட்3 ஒன்றுக்கு, வண்டியைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங் மாட்டிய ஒர்க்‌ஷாப், நான்கு சக்கரத்துக்கும் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்), டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்) சரிசெய்ததாகப் பில் போட்டுக் காசு வாங்கியிருக்கிறது. சில மாதங்களில் பின்டயர் இரண்டும் உள்விளிம்பில் கம்பி தெரியத் தேய்ந்துவிட்டன. வெளிப்பக்கம் பட்டன் நன்றாகவே இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. கேட்டதற்கு டயர் தரமில்லை என்று பதில்.

அந்த வண்டியில் பின்சக்கர டோ, கேம்பரைத் திருகி மாற்றக் கம்பெனி எந்த வழியும் வைக்கவில்லை. செய்யவே முடியாத வேலைக்குத்தான் அந்தப் பில்.

1990-இல் வந்த இ36 3 சீரிஸில் பின்னால் மல்டிலிங்க், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் பல ஆர்ம்கள் தாங்கும் சஸ்பென்ஷன். கேம்பருக்குத் தனி எக்சென்ட்ரிக் போல்ட் (மையம் விலகிய, திருகினால் ஆர்மை நகர்த்தும் போல்ட்), டோவுக்கு டிரெய்லிங் ஆர்ம் பிராக்கெட்டை நகர்த்த நீள்துளை. ஆனால் இ36 காம்பாக்ட்டிலும் இசட்3-யிலும் இருப்பது பழைய இ30 வகை செமி டிரெய்லிங் ஆர்ம், அதாவது பக்கத்துக்கு ஒரே சாய்வான ஆர்ம். இ36 என்ற பெயரை நம்பி, மல்டிலிங்குக்கான கேம்பர் ஆர்ம் (நீளம் மாற்றிக் கேம்பரைத் திருத்தும் ஆர்ம்) வாங்கினால் மாட்ட இடமே இருக்காது. அதையும் விற்கிறார்கள்!

செமி டிரெய்லிங் ஆர்ம் சாய்ந்த அச்சில் ஆடுவது. வண்டியைத் தாழ்த்தினால் சக்கரத்தின் மேல்முனை உள்ளே சாயும். டோவும் கூடவே மாறும். டயரைத் தின்பதில் டோதான் பெரிய குற்றவாளி. 1 டிகிரி விலகினாலே கிலோமீட்டருக்குச் சுமார் 17 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது.

இதைத் திருத்த இரண்டு வழி. ஆர்ம் மாட்டும் இடத்தில் எக்சென்ட்ரிக் புஷ் (துளை மையம் விலகிய புஷ்) போடலாம்; ஆனால் கிடைக்கும் திருத்தம் கொஞ்சம்தான். சரியான வழி, பின் சப்ஃபிரேமை (ஆர்ம்கள் மாட்டியிருக்கும் சட்டம்) இறக்கி, நீள்துளை வைத்த பிராக்கெட்டுகளை வெல்டிங் செய்வது. ஒரு பிராக்கெட்டில் துளை மேல்கீழாக, கேம்பருக்கு. மற்றதில் முன்பின்னாக, டோவுக்கு. இதில் எதுவும் பில்லில் இல்லையென்றால் பின்பக்கம் யாரும் எதையும் சரிசெய்யவில்லை.

முன், பின் அளவு இரண்டும் அச்சிட்ட ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள். பாகம் மாற்றாமலே ஷீட்டில் பின்சக்கர எண்கள் பச்சைக்கு (சரியான அளவுக்குள்) வந்திருந்தால், பாடியைத் தூக்கிப்பிடித்து அளந்தார்களா என்று சந்தேகப்படுங்கள். உங்கள் கண்முன்னே வண்டியை உருட்டி, நாலு முறை அமுக்கிவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

புஷ் மாற்றினால் இன்னொன்று: சக்கரம் தொங்கும்போது ரப்பர் புஷ் போல்ட்டை இறுக்க விடாதீர்கள். எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே நின்று சீக்கிரம் கிழியும்.