கல்கியை எங்கே தொடங்குவது: பொன்னியின் செல்வனா, சிவகாமியின் சபதமா?

கல்கியைப் புதிதாகப் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு சரித்திர நாவல்களுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள். இரண்டையும் அண்மையில் அடுத்தடுத்து மறுபடி படித்தேன்.

நீளம்
பொன்னியின் செல்வன்: ஐந்து பாகம். விடுமுறை வேண்டும்.
சிவகாமியின் சபதம்: நான்கு பாகம், அளவிலும் சிறியது.

செலவு
வித்தியாசம் இல்லை. கல்கியின் எழுத்து நாட்டுடைமை என்பதால் இரண்டும் மதுரைத் திட்டம் (Project Madurai) என்ற இணைய நூலகத்தில் இலவசம். அச்சில் வாங்கினால் சுருக்கப் பதிப்பு வேண்டாம்.

வேகம்
பொன்னியின் செல்வன்: ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். கடம்பூர் மாளிகையில் சோழ அரியணையைப் பற்றி நடக்கும் சதியை அவன் ஒட்டுக்கேட்டதும் கதை நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். ஆட்கள் அதிகம், உறவுமுறை குழப்பும். சோழர் வம்சாவளியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.
சிவகாமியின் சபதம்: பல்லவர் காலக் கதை. பரஞ்சோதி என்ற இளைஞன் காஞ்சிக்கு வந்ததுமே மதயானை. அப்புறம் சிவகாமியின் அப்பா, சிற்பி ஆயனரின் வீடு, சிற்பம், நடனம் என்று நிதானமாகப் போகும்.

மனதில் நிற்பது
இங்கேதான் எனக்குச் சிவகாமி ஒரு படி மேல். சாளுக்கியத் தலைநகரான வாதாபி எரியும்வரை திரும்பமாட்டேன் என்ற அவளுடைய பிடிவாதத்துக்குப் போரும் காதலும் சேர்ந்தே விலை கொடுக்கின்றன. முடிவு வலிக்கும், ஆனால் கதை முழுமையாக முடியும். பொன்னியின் செல்வனில் நந்தினி அந்த அளவுக்கு ஆழமானவள். இருந்தும் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலை முடிச்சை கல்கி முழுதாக அவிழ்ப்பதில்லை.

சரி, எதை எடுப்பது? தமிழ் நாவலே புதிது, சுவாரசியம் வேண்டும் என்பவருக்குப் பொன்னியின் செல்வன். கலையும் சோகமும் பிடித்தவர், அல்லது பல்லவர் சிற்பங்களைப் பார்க்க மாமல்லபுரம் போகத் திட்டமிடுபவர், சிவகாமியின் சபதத்தை முதலில் எடுக்கலாம்.